மகன் பேரில் நான் வேண்டிக்கொண்ட காவடி

சிங்கப்பூரின் வட வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றில் வசிக்கும் 53 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பிய ஆறு பக்கக் கடிதம். யார் என்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 20 வயது, தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருக்கிறான். இளையவள் 15, உயர்நிலை மூன்று. மூத்தவன் முப்பது வாரத்திலேயே பிறந்து, பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிள்ளை. அப்போது இவர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்: பிள்ளை பிழைத்தால் 21 வயதில் அவனே காவடி எடுப்பான். பிள்ளை பிழைத்தான், நன்றாக வளர்ந்தான். வரும் தைப்பூசத்துக்கு அவனுக்கு 21 ஆகியிருக்கும். போன மாதம் அவனிடம் விரதம் பற்றிப் பேச்சு எடுத்தபோது, "எனக்கு நம்பிக்கை இல்லைம்மா, இல்லாத நம்பிக்கைக்கு நான் காவடி எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அதோடு நிற்கவில்லை. "நீங்க கும்பிடுறீங்கன்னா பாட்டி கும்பிட்டாங்க, அவ்வளவுதான். மலாய்க் குடும்பத்துல பிறந்திருந்தா பள்ளிவாசலுக்குப் போயிருப்பீங்க. இது நம்பிக்கை இல்ல, மூளைச்சலவை" என்றிருக்கிறான்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. காவடி எடுக்காவிட்டால் பல்கலைக்கழகக் கட்டணம் கட்ட மாட்டேன், வீட்டில் இடமும் கிடையாது என்கிறார் அப்பா. கூடவே இருக்கும் பாட்டி அழுகிறார். வெள்ளிக்கிழமை மாலை முகாமிலிருந்து வரும் மகனிடம், சாமி அறையில் திருநீறு எடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார் என்று தாய் சொல்ல, அவன் இப்போதெல்லாம் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருகிறான். போதாததற்கு மகளும் "அண்ணன் சொல்றது சரிதானே" என்று ஆரம்பித்திருக்கிறாள். தாயின் கேள்விகள் நான்கு. என் வளர்ப்பில் எங்கே குறை? முகாமில் யாரோ அவன் மனதைக் கெடுத்துவிட்டார்களா? 21 வயது வரை பிள்ளையின் சமயத்தைப் பெற்றோர்தானே தீர்மானிக்கலாம்? வேண்டுதல் நிறைவேறாவிட்டால் அந்தக் குற்றம் என் பிள்ளையைத் தாக்குமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது காவடி கண்ணில் பட்டது. இரண்டாம் முறைதான் நாலாம் பக்கத்தில் நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோன இன்னொன்று பட்டது: "அவன் தாத்தா புற்றுநோயில் தவறினப்புறம்தான் ஏதேதோ கேள்வி கேட்க ஆரம்பித்தான், அப்போது 14 வயது, நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை." இதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் வீட்டுப் பிரச்சினையின் வேர் தைப்பூசத்தில் இல்லை, அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் சாமி கும்பிடுகிறவள். அதனால் உங்கள் வலி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரிகிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தில் நான் உங்கள் மகனோடு ஒத்துப்போகும் இடங்களும் இருக்கும், கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படியுங்கள்.

வளர்ப்பா, சொந்த முடிவா

மகன் சொன்னதில் பாதி உண்மை. மலாய்க் குடும்பத்தில் பிறந்திருந்தால் நீங்கள் பெரும்பாலும் பள்ளிவாசலுக்குத்தான் போயிருப்பீர்கள். இதை மறுக்க முயலாதீர்கள், மறுத்தால் அவன் உங்களை நேர்மையில்லாதவர் என்று நினைப்பான். எந்தச் சமயம் என்பதைப் பெரும்பாலும் வீடுதான் தீர்மானிக்கிறது, உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் அந்தச் சமயத்தில் ஒருவர் எவ்வளவு ஆழமாக இருப்பார், இருப்பாரா மாட்டாரா என்பது வேறு கேள்வி. அதில் வீட்டின் பிடி ஆயுள் முழுக்க அப்படியே இருப்பதில்லை.

இதைப் பற்றி அமெரிக்காவின் மினசோட்டாவில் இரட்டையரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2005இல் வெளிவந்தது. ஒரே மாதிரி இரட்டையரையும் சாதாரண இரட்டையரையும் ஒப்பிட்டால், ஒரு குணத்தில் பிறவிக்கு எவ்வளவு பங்கு, சேர்ந்து வளர்ந்த வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். சமயப் பற்றில் காணப்பட்ட வேறுபாட்டில், சிறு வயதில் வீட்டின் பங்கு 56 விழுக்காடாக இருந்தது, வளர்ந்த பிறகு 18 விழுக்காடாக இறங்கிவிட்டது. பிறவிப் பங்கு 12இலிருந்து 44ஆக ஏறியது. ஆண்களை மட்டும் வைத்துச் செய்தது, சிறு வயதைப் பற்றி அவர்கள் நினைவிலிருந்து சொன்னது, நம் ஊர்க் குடும்பங்களும் இல்லை, அதனால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். போக்கை மட்டும் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும்வரை பிள்ளைகள் வீட்டைப் போல இருக்கிறார்கள். கதவைத் தாண்டியதும் அவரவர் இயல்பு தலைதூக்குகிறது. எதையும் கேள்வி கேட்டுத்தான் ஏற்பேன் என்று பிறந்த பிள்ளையும் உண்டு, கண்ணை மூடியதும் கண்ணீர் வரும் பிள்ளையும் உண்டு, ஒரே வயிற்றில் இரண்டும் பிறக்கும்.

அதனால் "என் வளர்ப்பில் எங்கே குறை" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள் சகோதரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம்பாத ஒன்றை நம்புவதாக நடிக்க மாட்டேன் என்று அம்மா முகத்துக்கு நேரே சொல்கிற பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள். பூசை நேரத்தில் வெறுமனே வந்து நின்று திருநீறைப் பூசிக்கொண்டு, பின்னால் போய் வேறு மாதிரி இருக்கும் பிள்ளைகளை என் ஆலோசனை அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பெற்றோர் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை, அவர்களுக்குத் தெரியாது.

உயர்நிலை மூன்றில் நீங்கள் இந்து சமயப் பாடம் எடுத்துப் படித்ததாகவும், மகனுக்கு அப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாடம் 1984இல் கட்டாயமாக வந்தது. பைபிள், பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம், சீக்கியம், கன்ஃபூசிய அறநெறி என்று ஆளுக்கொன்று எடுத்தோம். 1989இல் அதைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. உங்கள் வகுப்பில் அதைப் படித்தவர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், எத்தனை பேர் இன்று உங்களைப் போல வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார்கள்? பாடம் செய்திகளைக் கொடுக்கும். உங்களுக்கு நம்பிக்கை வந்தது அதனால் அல்ல, உங்கள் அம்மா கால் வலியோடு கோயில் படியேறியதைப் பார்த்ததனால் என்று நீங்களே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

மகன் சொன்னதில் மீதிப் பாதிக்கு வருகிறேன், அங்கே அவன் தவறுகிறான். ஒரு நம்பிக்கை வீட்டிலிருந்து வந்தது என்பதால் அது போலி ஆகிவிடாது. தமிழும் உங்களுக்குப் பிறப்பால் வந்ததுதான், அதனால் அது உங்களுடையது இல்லை என்று யாராவது சொல்வார்களா? சரி, மொழியும் நம்பிக்கையும் முழுக்க ஒன்று இல்லைதான். மொழியில் உண்மை, பொய் என்ற கேள்வி எழாது, நம்பிக்கையில் எழும், அதைக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இரவெல்லாம் உட்கார்ந்து முருகா முருகா என்று சொன்ன பெண், வெறும் பழக்கத்தால் அதைச் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து வாங்கியதை அந்த இரவில் நீங்கள் சொந்தமாக்கிக்கொண்டீர்கள். பெரும்பாலானவர்களுக்கு நம்பிக்கை இப்படித்தான் வருகிறது, கொடுத்தது வீடு, எடுத்துக்கொண்டது அவர்கள். "மூளைச்சலவை" என்ற சொல் உங்களை எவ்வளவு புண்படுத்தியது என்று அவனிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

அவனுடைய நம்பிக்கையின்மையும் வானத்திலிருந்து விழவில்லை, அதுவும் ஒரு சூழலில் வளர்ந்ததுதான். ஆனால் அது முகாம் செய்த வேலை என்று நினைக்காதீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்று சொன்னார்கள், 2010இல் அது 17 விழுக்காடு. இந்துக்கள் 5 விழுக்காடு. அப்படியானால் அவன் பள்ளியிலும் முகாமிலும் பழகும் கூட்டத்தில் சாமி இல்லை என்பவர்கள் முருக பக்தர்களைவிட நிறையப் பேர், அதுவும் நல்ல பிள்ளைகள், அவனோடு சேர்ந்து மழையில் நடந்தவர்கள். நம் இந்தியர்களிடையே இப்படிச் சொல்கிறவர்கள் இன்னும் மிகக் குறைவு, அதனால்தான் உங்கள் உறவு வட்டத்தில் இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அவமானம் போலத் தெரிகிறது. அவனுக்கு அது ஒரு சாதாரண விஷயம். இந்த இடைவெளியை இரண்டு பேருமே உணரவில்லை.

நம் மரபில் இது புதிதும் இல்லை. அப்பர் சுவாமிகள் பிறந்தது சைவக் குடும்பத்தில், பெயர் மருணீக்கியார். அப்பா, அம்மா இருவரையும் இழந்து அக்கா திலகவதியார் கையில் வளர்ந்தவர். அவரே சைவத்தை விட்டுச் சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்று பெயர் பெற்று அங்கே பெரிய ஆளாகவும் இருந்தார். திலகவதியார் தம்பியை இழுத்து வரப் போகவில்லை. திருவதிகையில் தன் வழிபாட்டைத் தான் செய்துகொண்டு இருந்தார். தம்பி சூலை நோயோடு வந்து நின்றபோது ஏற்றுக்கொண்டார். உங்கள் மகனும் இப்படித் திரும்பி வருவான் என்று ஆறுதல் சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை, வராமலும் போகலாம். வைணவக் குடும்பத்தில் பிறந்த தமிழ்க் கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, முப்பதை ஒட்டிய வயதில் கிறிஸ்துவராகி, கடைசி வரை அப்படியே இருந்து 1900இல் மறைந்தார். ஒருவர் திரும்பினார், ஒருவர் திரும்பவில்லை, இரண்டு பேரையும் தமிழ் தன் பிள்ளைகளாகத்தான் வைத்திருக்கிறது.

வேண்டுதல் யாருடையது

இதில்தான் உங்கள் தூக்கம் போகிறது என்று தெரிகிறது.

வேண்டிக்கொண்டது நீங்கள். பிள்ளைக்கு அப்போது ஒரு கிலோ சொச்சம் எடை, அவனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. கடனை வாங்கியவர் நீங்கள் என்றால் அடைக்க வேண்டியவரும் நீங்கள்தான். இதை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, இதில் உங்களுக்கு ஒரு விடுதலை இருக்கிறது. மகன் சம்மதத்துக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதே இல்லை. வரும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நீங்களே பால்குடம் எடுத்துப் போகலாம், எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைகளுக்காக அதைத்தானே செய்கிறார்கள். கரும்புத் தொட்டில் எடுக்கும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள், தொட்டிலில் இருக்கும் குழந்தையா வேண்டுதலைச் செலுத்துகிறது? "அவனே எடுப்பான் என்றுதானே சொன்னேன், வார்த்தை மாறலாமா" என்று மனம் உறுத்தினால், நீங்கள் வழக்கமாகப் போகும் கோயிலில் குருக்களிடம் நேராகக் கேளுங்கள், ஒரு வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்றுவது பற்றி அவரிடம் கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். நான் ஆலோசகர், சாஸ்திரம் சொல்வது என் வேலை இல்லை.

குற்றம் பிள்ளையைத் தாக்குமா என்ற பயத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. இருபது வருடமாக நீங்கள் கும்பிடும் முருகனை உங்களுக்குத்தான் தெரியும். அவர் தாயின் வாக்குக்காகப் பிள்ளையைத் தண்டிக்கிறவரா? நீங்கள் கடிதம் முழுக்க வருணிக்கும் முருகன் அப்படி இல்லை. பயம் ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம், இரண்டும் ஒரே விளக்குக்கு முன்னால் நிற்பதால் ஒன்று போலத் தெரிகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்பிக்கை இல்லாத ஒருவனை, கட்டணம் கட்ட மாட்டேன் என்று மிரட்டி, வேண்டாவெறுப்பாக விரதம் இருக்க வைத்து, உடம்பில் அலகு குத்தி அனுப்புவதை நினைத்துப் பாருங்கள். அது அவன் உடம்பு. காவடிக்கும் அது மரியாதை இல்லை, உண்மையான விரதத்தோடு அவனுக்கு முன்னும் பின்னும் நடக்கும் மற்றவர்களுக்கும் இல்லை.

மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாமிக் குற்றத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாமல் பலதுறை மருந்தகத்தில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இது குடும்ப ஆலோசனையில் அடிக்கடி வரும் கேள்வி. தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. தன்னுடையதல்லாத ஒரு சமயத்தின் போதனையையோ சடங்கையோ வழிபாட்டையோ யார் மீதும் கட்டாயமாக்கக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. அந்த விஷயத்தில் பிள்ளையின் சமயம் எது என்று பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிக்கலாம் என்றும் அங்கேயே இருக்கிறது, ஆனால் 18 வயதுக்குக் கீழ் இருந்தால் மட்டும். நீங்கள் நினைத்த 21 தவறு. 21 என்ற எண் உங்கள் மனதில் பதிந்திருப்பதற்குத் திருமணச் சட்டம் காரணமாக இருக்கலாம், 21 வயது ஆகாதவர்கள் திருமணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். நம்பிக்கைக்கு அது பொருந்தாது.

மகன் இதை எங்கும் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. நம் அடையாள அட்டையில் இனம் இருக்கிறது, சமயம் இல்லை. கையில் துப்பாக்கியைக் கொடுத்து நாட்டைக் காக்கச் சொல்லும் வயது வந்துவிட்ட ஒருவன், எதைக் கும்பிடுவது, கும்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவும் வயது வந்தவன்தான்.

மகள் கதை வேறு. 15 வயது என்பதால் அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. உரிமை இருக்கிறது என்பதற்காக அதை எல்லா இடத்திலும் பயன்படுத்திவிடாதீர்கள். பொங்கல், தீபாவளி, தாத்தா திதி, உறவினர் வீட்டு விசேஷம் இதற்கெல்லாம் குடும்பத்தோடு வர வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம், அது குடும்ப ஒழுங்கு. "எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று அவள் வாயால் சொல்ல வைக்க மட்டும் முயலாதீர்கள். அண்ணனுக்கு என்ன நடக்கிறது என்று அவள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் வீட்டில் இடம் போகும் என்று அவள் கற்றுக்கொண்டால், நாளைக்கு இதைவிடப் பெரிய விஷயம் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

உங்கள் கணவருக்கு

இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள், அல்லது மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஐயா, கட்டணத்தை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது, மறுக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் பாருங்கள். பல்கலைக்கழகக் கட்டணத்துக்குக் கடன் திட்டம் இருக்கிறது, 90 விழுக்காடு வரை கிடைக்கும். அதற்கு உத்தரவாதக் கையெழுத்து வேண்டும், ஒரு மாமாவோ சித்தப்பாவோ போடுவார், விஷயம் குடும்பம் முழுக்கப் பரவும். வீட்டை விட்டுப் போ என்றால் 35 வயது ஆகாத தனி ஆள் வீவக வீடு வாங்க முடியாது, அவன் எங்கோ ஓர் அறை வாடகைக்கு எடுப்பான், படிப்பும் சம்பாத்தியமும் ஒன்றையொன்று தின்னும். இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு நம்பிக்கை வந்திருக்காது. உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போயிருக்கும்.

தென் கலிஃபோர்னியாவில் 1970இல் தொடங்கி, பாட்டன், பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இருக்கிறது. சமயம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவதில் போதனையைவிட நெருக்கத்துக்கு, அதிலும் அப்பாவிடம் பிள்ளை உணரும் பாசத்துக்கு, பெரிய பங்கு இருப்பதை அவர்கள் கண்டார்கள். பெரும்பாலும் கிறிஸ்துவ, யூதக் குடும்பங்கள்தான், நம் வீடுகள் இல்லை. ஆனால் என் அறைக்கு வரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். சாமியை விட்டதற்குக் காரணம் கேட்டால், கொஞ்ச நேரத்தில் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டில் விதி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாட்டி பூசை செய்யும்போது கிண்டல் கூடாது, வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் அசைவம் கூடாது, யார் நம்பிக்கையையும் மூளைச்சலவை என்று சொல்லக் கூடாது. இதெல்லாம் நடத்தை, கேட்கலாம், அவன் செய்யவும் வேண்டும். நம்பு என்று விதி வைக்க முடியாது.

தாத்தா

இப்போது நாலாம் பக்கத்து வரிக்கு வருகிறேன். 14 வயதில், தாத்தா படுத்திருந்த அந்த மாதங்களில், அவன் என்ன செய்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? அவன் சாமி அறைக்குப் போய் வேண்டினானா, ஏதாவது விரதம் இருந்தானா, எதையாவது விட்டுக்கொடுத்தானா? எனக்குத் தெரியாது, ஊகிக்கத்தான் முடியும். ஆனால் அந்த வயதில் சாமியை நம்பிக்கொண்டிருந்த பிள்ளை, தாத்தாவோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்த பிள்ளை, வேண்டாமல் இருந்திருப்பான் என்று நினைக்க முடியவில்லை. உங்கள் வேண்டுதல் பலித்தது, அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான். அவன் வேண்டுதல் பலிக்கவில்லை. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. அம்மா வேண்டினால் பிழைக்கிறது, நான் வேண்டினால் செத்துப்போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு 14 வயதுப் பையன் தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால், "சாமி இல்லை" என்பது அவனுக்குக் கிடைத்த மிக இரக்கமான பதிலாகக்கூட இருந்திருக்கும்.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். காவடி பேச்சோடு சேர்த்து வேண்டாம், அப்பாவும் பாட்டியும் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். அவனை எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கொண்டுவிடும்போதோ, இரண்டு பேரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதோ கேளுங்கள். முதலில் காவடியை இறக்கி வையுங்கள்: "தம்பி, வேண்டிக்கிட்டது அம்மா. அதை நானே செலுத்திக்கிறேன். உன்னைக் கேட்காம உன் பேர்ல சொன்னதுக்கு நீ கோபப்பட்டது எனக்குப் புரியுது." அப்புறம் இன்னொரு நாள் தாத்தா பேச்சை எடுங்கள்: "தாத்தா முடியாம இருந்தப்ப நீ எப்படி இருந்தேன்னு நான் கேட்கவே இல்ல. இப்ப கேட்கலாமா?" அவன் பேசினால் குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். விதி, கர்மா, கடவுள் சோதிப்பார், எதுவும் வேண்டாம். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள், கேட்டீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்தால் போதும்.

தனியாகச் செய்ய முடியாது என்று தோன்றினால், உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகர் ஒருவரோடு நீங்களும் கணவரும் சேர்ந்து உட்காரலாம், தமிழில் பேச வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிக் கேளுங்கள், சிண்டாவிலும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) விசாரிக்கலாம்.

வெள்ளிக்கிழமை வருகிறது. அவனுக்கு இன்றைக்கே குறுஞ்செய்தி அனுப்புங்கள், சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்கிறேன், எத்தனை மணி ஆனாலும் வா என்று. வழக்கம்போல நீங்கள் விளக்கேற்றுங்கள், சாமி கும்பிடுங்கள், அதில் எதையும் அவனுக்காகக் குறைக்க வேண்டாம். அவன் வந்து காலணியைக் கழற்றும்போது திருநீறு எடுத்தாயா என்று கேட்காமல் தட்டை எடுத்து வையுங்கள்.